கேட்டு இல்லாமல் ஓடிய வண்டி

கொட்டிவாக்கம் குப்பத்தில் சொந்தமாகக் கார் வாங்கி, அதைத் தானே ஓட்டிக்கொண்டும் போன முதல் பெண் முத்துமாரிதான். அப்பா அங்கமுத்து கடலுக்குப் போகிறவர். அம்மா அங்காளம்மாள் மந்தைவெளியில் மீன் விற்கிறவள். முத்துமாரிக்குத் தரமணியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் எங்கே பிழை இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும்.

சின்ன வயதிலிருந்தே அவள் காது என்ஜின் பக்கம்தான். கரையில் கூடையோடு காத்திருக்கும் பெண்களுக்கு நடுவே நின்றுகொண்டு, படகு கண்ணுக்குத் தெரியும் முன்பே, "அது ஏசுராஜ் மாமா போட்டு, பின்னாடி வர்றது நம்ம நைனா போட்டு" என்று சொல்வாள். சொன்னபடியே வரும். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படிக்கத்தான் ஆசை. பொம்பளைப் பிள்ளைக்கு ஷெட்டில் என்ன வேலை என்று வீட்டில் கம்ப்யூட்டரில் சேர்த்துவிட்டார்கள். அவள் ஆசைப்பட்ட வகுப்பில் படித்த நதீம் அவளுக்கு நண்பனானான். ராயப்பேட்டையில் இப்போது சொந்தமாக சைலன்சர் ஷெட் வைத்திருக்கிறான்.

வேலை நிலைத்ததும் முத்துமாரி முதலில் செய்த காரியம், பழைய கார் ஒன்றை வாங்கியது. காலையில் பின்பக்கம் ஐஸ் பெட்டியும் மீன் கூடையும் ஏறும், பின் சீட்டில் அங்காளம்மாள் ஏறுவாள். மந்தைவெளியில் அம்மாவை இறக்கிவிட்டு, மயிலாப்பூரில் நீரஜாவை ஏற்றிக்கொண்டு தரமணிக்குத் திரும்புவாள். நீரஜா அவளோடு வேலை பார்ப்பவள். மாடவீதிக்குப் பின்னால் தலைமுறையாகக் குடியிருக்கும் குடும்பம். வீட்டில் முட்டைகூடக் கிடையாது. வண்டியில் என்னதான் கழுவினாலும் மீன் வாடை போகாது. நீரஜா ஒருநாளும் மூக்கைச் சுளித்ததில்லை. "உனக்குக் கஷ்டமா இல்லையா?" என்று முத்துமாரி ஒருமுறை கேட்டதற்கு, "பஸ்ல வர்ற கஷ்டத்துக்கு இது தேவலாம்டி" என்று சொல்லிவிட்டு ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

உப்புக்காற்று கடலோரத்து இரும்பை விடுவதில்லை. ஒருநாள் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டையாகி, வண்டி கரகரவென்று இருமத் தொடங்கியது. மாற்றியே ஆக வேண்டும். மாற்றுவதுதான் மாற்றுகிறோம், கொஞ்சம் நல்லதாகவே போடலாமே என்று முத்துமாரிக்குத் தோன்றியது. நதீமிடம் போனாள்.

"தாராளமா போட்டுக்கோ" என்றான் நதீம். "பின்னாடி நல்ல சைலன்சர் பாக்ஸு வைக்கலாம், பைப்பு கொஞ்சம் அகலமா போடலாம். ஆனா கேட்ல கை வைக்காத."

கேட் என்று அவன் சொன்னது கேட்டலிடிக் கன்வெர்ட்டரை. என்ஜினுக்கும் சைலன்சருக்கும் நடுவில் இருக்கும் உருளையான டப்பா அது. உள்ளே தேன்கூடு மாதிரி சின்னச் சின்னக் கண்கள். என்ஜின் கக்கும் புகை அந்தக் கண்கள் வழியாகப் புகுந்து வெளியே வரும்போது அதிலுள்ள விஷம் பெரும்பாலும் முறிந்திருக்கும்.

"அத எடுத்தாத்தான் வண்டி ஃப்ரீயா மூச்சு வுடும்னு எல்லா வீடியோலயும் சொல்றாங்களே" என்றாள் முத்துமாரி.

"ரேஸு ஓட்றவன் சொல்றான். நீ ஓட்றது எல்.பி. ரோட்ல. சிக்னலு சிக்னலா நின்னுக்கினு போறவளுக்கு அந்தப் பவரு எங்க தெரியப் போவுது? பொல்யூஷன் டெஸ்ட்ல வேற மாட்டுவ. ரோட்ல ஓட்ற வண்டிக்கு அத எடுக்கவே கூடாது முத்து."

"சவுண்டு?"

நதீம் சிரித்துவிட்டான். "அதான் மேட்டரா! கேட் இருக்கும்போதே சவுண்டு வரும். கொஞ்சம் அடக்கமா வரும்."

முத்துமாரிக்கு அடக்கமாக வேண்டாம். பிடிவாதமாக நின்றாள். நதீமும் விடவில்லை.

"வேற இன்னா கேட்டாலும் செய்றேன். இத மட்டும் என் கையால செய்ய மாட்டேன். நீ வேற எங்கயாவது போய் எடுத்தாலும், கயட்டினத யார் கைலயும் குடுத்துடாத, உள்ள வெலை ஒசந்த மெட்டலு கீது. வூட்டுக்கு எடுத்துக்கினு போ."

அவள் கோபித்துக்கொண்டு வேறொரு ஷெட்டுக்குப் போனாள். அங்கே யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. கன்வெர்ட்டரை அறுத்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நேர்க்குழாய் வைத்து வெல்டு அடித்துக் கொடுத்தார்கள். கழற்றிய டப்பாவைக் கடைக்காரர் ஆசையாக ஓரம் கட்டியபோது நதீம் சொன்னது ஞாபகம் வந்தது. கேட்டு வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டாள்.

அதை வீட்டுக்குள் கொண்டு வந்தபோது அங்காளம்மாள் கேட்டாள்: "இன்னாடி இது?"

"கேட்டும்மா. கார்ல இருந்துச்சு, எடுத்தாச்சு."

"கேட்டா? வூட்டுக்கே கேட்டு இல்ல, காருக்கு எதுக்குடி கேட்டு?"

சொல்லிவிட்டு அதைத் தூக்கிப் பார்த்தாள். நல்ல கனம். வீட்டு வாசலிலேயே இருக்கும் பெரிய ஐஸ் பெட்டியின் மூடி காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் வைத்துவிட்டாள். அன்றிலிருந்து அதற்கு அதுதான் வேலை.

வண்டிச் சத்தம் ஈ.சி.ஆர். முழுக்கக் கேட்டது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அடிவயிற்றில் உறுமும். முத்துமாரிக்குத் தலைகால் புரியவில்லை. வலையைப் பிரித்துக்கொண்டிருந்த அங்கமுத்து மட்டும், "போட்டு மிசினு சைலன்சர் ஒடஞ்சா இப்டித்தான் கத்தும். காசு குடுத்தா ஒடச்ச?" என்று கேட்டார். அவள் கண்டுகொள்ளவில்லை.

அதற்குப் பிறகு அங்காளம்மாளுக்கு அடிக்கடி தலைவலி வந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டாள். முத்துமாரிக்கும் வந்தது. நாளெல்லாம் ஸ்கிரீனைப் பார்ப்பதால் என்று நினைத்துக்கொண்டாள். வண்டியில் ஏதோ வாடை மாறியிருந்தது. மீன் வாடை எல்லாவற்றையும் மூடிக்கொண்டிருந்ததால் அம்மாவும் மகளும் அதைத் தனியாக உணரவில்லை.

மழைக்காலம் வந்தது. ஒருநாள் காலையில் மந்தைவெளியில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். கடை போட வழியில்லை. அம்மாவைத் திரும்ப வீட்டில் விட்டுவிட்டு ஆபீஸ் போகலாம் என்று முடிவு செய்து, வழக்கம்போல நீரஜாவை ஏற்றிக்கொண்டாள். நீரஜா முன்னால் உட்கார்ந்தாள். அங்காளம்மாள் பின் சீட்டில், கூடையைக் கையால் அணைத்தபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

அடையாறு பாலத்தின்மேல் வண்டிகள் அப்படியே நின்றுவிட்டன. எங்கோ ஒரு பஸ் பழுதாகிக் குறுக்கே கிடக்கிறதாம். மழை கொட்டியது. எல்லாக் கண்ணாடியும் ஏற்றியிருந்தது. ஏ.சி.க்காக என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. முத்துமாரிக்குத் தலை விண்விண் என்று தெறித்தது. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக் கொஞ்சம் கண்ணை மூடினால் தேவலை என்று இருந்தது.

நீரஜா இரண்டு மூன்று முறை வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டாள். கடைசியில் மெல்லச் சொன்னாள்: "முத்து, தப்பா எடுத்துக்காதே."

"இன்னா?"

"மீன் வாசனை நேக்குப் பழகிடுத்து. அதைச் சொல்லலை. இது வேற. பெட்ரோல் கருகற மாதிரி ஏதோ ஒண்ணு வந்துண்டே இருக்கு. நேக்கு ஏறினதுலேர்ந்து வயத்தைப் பொரட்டறது."

சொல்லிக்கொண்டே திரும்பிப் பின் சீட்டைப் பார்த்தாள். அங்காளம்மாளின் தலை ஒருபக்கமாகச் சரிந்திருந்தது. அணைத்திருந்த கை கூடையிலிருந்து நழுவிக் கிடந்தது.

"அம்மா! அம்மா!"

நீரஜா எட்டித் தோளைப் பிடித்து உலுக்கினாள். அங்காளம்மாள் ஏதோ முனகினாள், கண் திறக்கவில்லை.

"என்ஜினை ஆஃப் பண்ணு முத்து! இப்பவே! கண்ணாடியெல்லாம் இறக்கு!"

முத்துமாரி பின்னால் திரும்பி அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நீரஜாவே சாவியைத் திருகி அணைத்தாள். மழைக்குள் இறங்கி ஓடிப் பின்கதவைத் திறந்து, அங்காளம்மாளின் இரண்டு கைகளுக்கும் அடியில் தன் கையைக் கொடுத்து வெளியே இழுத்தாள். நீரஜா ஒல்லி. அங்காளம்மாள் கூடை சுமந்து உரமேறிய உடம்பு. இருவரும் ஈரப் பாலத்தில் உட்கார்ந்தே விட்டார்கள். நீரஜா அவள் தலையைத் தன் மடியில் வைத்து, "நல்லா மூச்சு விடுங்கோ, அப்படித்தான், இன்னும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கூடை கவிழ்ந்து மீன் தண்ணீர் அவள் சுடிதார் முழுக்க வழிந்தது. அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

பக்கத்து ஆட்டோக்காரர் இறங்கி வந்தார். "இன்னாச்சும்மா? ஏத்துங்க, ஏத்துங்க. எதிர்ல ரோடு காலியா கீது, திருப்பிக்கறேன்" என்றார். மழையில் நனைந்துகொண்டே நடுவிலிருந்த வண்டிகளை நகரச் சொல்லிக் கத்தி வழி பண்ணினார். முத்துமாரி அழுதுகொண்டே ஏறினாள். கார் பாலத்திலேயே நின்றது.

ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், காரில் வந்தீர்களா என்று முதலில் கேட்டார். கார்பன் மோனாக்சைடு என்றார். "கண்ணுக்குத் தெரியாது, அதுக்குன்னு தனி வாசனையும் கிடையாது. தூங்கற மாதிரியே இருக்கும். இன்னும் கொஞ்ச நேரம் அதே வண்டியில இருந்திருந்தா ரொம்ப மோசமாகியிருக்கும். நல்ல வேளை, வெளிய எடுத்தீங்க."

முத்துமாரி நீரஜாவைப் பார்த்தாள். நீரஜா ஈரத் தலையைத் துவட்டக்கூட இல்லாமல் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். முத்துமாரி போய் அவளைக் கட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் அங்காளம்மாள் தெளிவாகக் கண் விழித்தாள். மகளைப் பார்த்தாள், கையில் செருகியிருந்த ஊசியைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "வண்டில மீனு இருந்துச்சே, இன்னா ஆச்சு?"

மீனை நதீம் பார்த்துக்கொண்டான். முத்துமாரியின் போன் வந்ததும், மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு பாலத்துக்குப் போய், காரை வேறு வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு ஷெட்டுக்குக் கொண்டு போனான். மீன் கெட்டுவிடக் கூடாது என்று தன் அம்மாவிடம் கொடுத்து ஐஸில் போட்டுவைத்தான். மறுநாள் முத்துமாரி ஷெட்டுக்குப் போனபோது வண்டி லிஃப்ட்டில் ஏறியிருந்தது.

"இங்க பாரு" என்று டார்ச் அடித்துக் காட்டினான். நேர்க்குழாயைச் சேர்த்த வெல்டு ஸ்பீடு பிரேக்கரில் இடித்து விட்டுப்போயிருந்தது. அதற்கு நேர்மேலே, ஐஸ் தண்ணீர் வழிந்து வழிந்து பின்சீட்டுக்கு அடியில் தகரம் அரித்துப் பொத்தலாகியிருந்தது. விரல் நுழைந்தது. "புகை இப்டித்தான் உள்ள போயிருக்கு. கேட் இருந்திருந்தாலும் ஓட்டை ஓட்டைதான், அத சரி பண்ணித்தான் ஆவணும். ஆனா வந்த புகைல இவ்ளோ விஷம் இருந்திருக்காது."

நான் அப்போதே சொன்னேனே என்று அவன் சொல்வான் என்று அவள் காத்திருந்தாள். சொல்லவே இல்லை. "அம்மா சாப்ட்டாங்களா?" என்று மட்டும் கேட்டான். அந்த ஒரு கேள்விக்காக அவனுக்கு என்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன் என்று முத்துமாரி பின்னால் பலரிடம் சொல்லியிருக்கிறாள்.

"பழைய கேட்டு எங்க? வித்துட்டியா?"

"இல்ல, ஐஸ் பெட்டி மேல கீது."

நதீமுக்குப் புரியவில்லை. சொன்னதும் வயிறு வலிக்கச் சிரித்தான். அவள் வீட்டுக்குப் போய் எடுத்து வந்தாள். அவன் உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு, கண்கள் அடைபடாமல் உடையாமல் அப்படியே இருக்கின்றன என்றான். பழைய இடத்திலேயே வைத்து, ஜாயிண்டுகளைப் புதிதாகச் செய்து, பின்பக்கத் தகரத்தை வெட்டிப் புதுசு அடித்தான். பின்னால் அவன் முதலில் சொன்ன நல்ல பாக்ஸை மாட்டினான். ஸ்டார்ட் செய்தபோது வண்டி கத்தவில்லை. தாழ்ந்த குரலில், கனமாக, சீராகப் பேசியது. முத்துமாரி கண்ணை மூடிக் கேட்டாள். நன்றாகவே இருந்தது.

ஆட்டோக்காரரைத்தான் கண்டுபிடிக்க முடியவில்லை. பெயர்கூடக் கேட்காமல் விட்டுவிட்டோமே என்று அவளுக்கு இன்றைக்கும் குறை. அடையாறு ஸ்டாண்டுகளில் எல்லாம் விசாரித்தாள். கடைசியில் அந்தப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொள்கிறாள்.

உடம்பு தேறிய பிறகு அங்காளம்மாள் நீரஜாவைப் பார்த்தே ஆக வேண்டும் என்றாள். என்ன எடுத்துப் போவது என்பதுதான் அவளுக்குப் பெரிய யோசனை. பிறந்தநாளோ பண்டிகையோ, வாழ்நாள் முழுக்க அவள் யாருக்கும் மீன்தான் கொடுத்திருக்கிறாள். கடைசியில் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் தென்னையிலிருந்து இளநீர்க் குலை ஒன்றை இறக்கச் சொல்லி எடுத்துக்கொண்டாள். புதுப்புடவை கட்டினாள்.

மயிலாப்பூர் வீட்டில் நீரஜாவின் அப்பா ஸ்ரீரங்கன்தான் கதவைத் திறந்தார். "வாங்கோ, வாங்கோ. உள்ள வந்து உக்காருங்கோ" என்றார். அங்காளம்மாள் படியிலேயே தயங்கினாள். நீரஜா ஓடி வந்து கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

"நல்ல பொண்ண பெத்துக்கீற சாமி" என்றாள் அங்காளம்மாள். "எம் புள்ள எனக்கு ஒண்ணுதான். இப்ப ரெண்டு."

ஸ்ரீரங்கனுக்குக் கண் கலங்கிவிட்டது. "அன்னிக்கு இவ நனைஞ்சுண்டு வந்து நின்னப்போ நாங்க பயந்துட்டோம். நீங்க நன்னா இருக்கேளே, அது போறும்" என்றார்.

வாசலில் வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்த முத்துமாரி உள்ளே வந்தபோது, அம்மா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, காபி டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு நீரஜாவிடம் நீட்டினாள்.

"இன்னும் அர டம்ளரு கெடைக்குமா கண்ணு? இந்தக் காபி ரொம்ப நல்லா கீது."