நான்கு விரல் உயரம்

பக்கத்து வீட்டில் தண்ணீர்க் குழாய் அறுக்கிறார்கள். ரம்பம் போய் வருகிறது, போய் வருகிறது, பிறகு அந்தச் சின்னத் துண்டு சிமென்ட் தரையில் விழுந்து உருளும் ஓசை. கனமில்லாத, வெற்று ஓசை. கோப்பிக் குவளையை வைத்துவிட்டு எழுந்தேன், சன்னலைச் சாத்தினேன், திரும்ப உட்கார முடியவில்லை. எனக்கு அந்த ஓசை தெரியும். அருகில் நின்று, நானே அறுக்கச் சொன்ன ஓசை அது.

நான் அறுக்கச் சொன்னது ஒரு சைக்கிளை. அதுவும் என்னுடையதல்லாத சைக்கிளை.

அது அண்ணனுடையது. கூடப் பிறந்தவர் இல்லை. ஜோகூரின் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் பதினொரு ஆண்டுகள் அடுத்தடுத்த இயந்திரங்களில் நின்றோம். எட்டு வயது மூத்தவர், அதனால் அண்ணன். ஒருநாள் லோரியில் சரக்கு ஏற்றும்போது தவறி விழுந்தார். கழுத்தில் இரண்டு எலும்புகள் நசுங்கின. அதற்குப் பிறகு அவரால் தலையை நிமிர்த்தி நெடுநேரம் வைத்திருக்க முடியாது. அவர் ஓட்டிய ரோட் பைக், தாழ்ந்த ஹேண்டல் வைத்த சைக்கிள்; அதில் உடம்பை வளைத்தும் தலையை நிமிர்த்தியும்தான் போக வேண்டும். இனி சைக்கிள் அவ்வளவுதான் என்று எல்லாரும் முடிவு கட்டியபோது, அவர் மட்டும் சைக்கிளைத் தன் கழுத்துக்குப் பழக்கத் தொடங்கினார்.

முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் குழாய் மேலே நீண்டு வந்து ஹேண்டலைத் தாங்கும். அந்தக் குழாயை வெட்டாமல் நெட்டையாக விட்டு, அதில் வளையங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் ஹேண்டல் உயரும். அண்ணன் ஒவ்வொரு வளையமாக ஏற்றினார். ஒரு வாரம் ஓட்டுவார், வலித்தால் இன்னொன்று. அகலமான டயர், ஹேண்டலைக் குழாயோடு பிணைக்கும் ஸ்டெம் குட்டையானது, கைப்பிடியில் இரண்டு சுற்றுத் துணி. இரண்டு வருடம் எடுத்தது. கடைசியில் ஹேண்டல், சட்டத்தை விட நான்கு விரல் உயர்ந்து நின்றது. அதில் உட்கார்ந்து கோத்தா திங்கி வரை போய்த் திரும்பினார். அழகான சைக்கிள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒட்டகக் குட்டி கழுத்தைத் தூக்கிப் பார்ப்பது போல இருக்கும்.

என் உடம்பும் அப்படி ஒன்றும் முழுசாக இல்லை. தொழிற்சாலையை விட்டுச் சிங்கப்பூர் வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த நாட்களில், மழை பெய்த ஒரு விடியலில், எல்லைப் பாலத்துக்குச் சற்று முன்னால் சறுக்கினேன். வலது காறை எலும்பு, மணிக்கட்டு, இடுப்பில் ஒரு வட்டு. ஆறிப்போனதாக மருத்துவர் எழுதிக் கொடுத்தார். மழைக்கு முந்திய நாள் அது ஆறவில்லை என்று உடம்பு சொல்லும்.

அண்ணனுக்கு இதய அறுவை நடந்த பின், ஓராண்டுக்குச் சைக்கிளைத் தொடக்கூடாது என்றார்கள். உலு திராமில் அவர் வீட்டு வாசலில் வைத்து அந்தச் சைக்கிளை என் கையில் கொடுத்தார். சும்மா நின்றால் துருப்பிடிக்கும், உன் தோளுக்கும் இடுப்புக்கும் இதுதான் சரி, நான் எழுந்ததும் வாங்கிக்கொள்கிறேன் என்றார். ஒரு குழந்தையை விட்டுப் போகிறவர் போல, எது எதற்கு என்று அரை மணி நேரம் விளக்கினார். நான் தலையாட்டினேன்.

மூன்று மாதம். அந்த மூன்று மாதத்தைப் பற்றி இப்போது எழுதும்போது விரல் தயங்குகிறது. வலியில்லாமல் ஓட்டினேன். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே, பனி விலகாத காலைகளில், குலை ஏற்றிய லோரிகள் கடந்துபோகும் காற்றில், ஐம்பது தாண்டிய என் உடம்பு தன்னை மறந்திருந்தது. நான் தேடிக்கொண்டிருந்த சைக்கிள் அதுதான். கையில் இருந்தது. தெரியவில்லை என்று சொல்ல மாட்டேன்; தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தோடு சேர்ந்தேன். பெட்ரோல் போடும் எண்ணெய் நிலையத்தில் கூடுவோம், பத்துப் பன்னிரண்டு பேர். எல்லாருடைய சைக்கிளும் வாத்து நீந்துவது போலத் தாழ்ந்து நீண்டிருக்கும். என்னை விட மூத்தவர் ஒருவர், வயிறு முழங்காலில் இடிக்க இடிக்க, குனிந்தே ஓட்டுவார். முதல் வாரமே அவர் என் ஹேண்டலைப் பார்த்துவிட்டு, கூட்டத்துக்குக் கேட்கும்படியாகச் சொன்னார்.

"கூடைய எங்க விட்டுட்டீங்க? பசாருக்குத்தானே போறீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த வாரம் யாரோ மணி ஒன்று வாங்கிக் கொண்டுவந்து தந்தார்கள். அதற்கடுத்த வாரம், ரொட்டி விற்கிறவர் வந்துவிட்டார் என்றார்கள். கெட்டவர்கள் இல்லை, டயர் வெடித்தால் முதலில் இறங்கி உதவுகிறவர்கள் அவர்கள்தான். ஆனால் ஒரு கிண்டல் மனசில் போய் உட்கார்ந்துகொண்டால், அதற்கப்புறம் சாலை தெரிவதில்லை, கடைக் கண்ணாடியில் போகும் தன் நிழல்தான் தெரிகிறது.

சைக்கிள் கடை நடத்தும் தவுக்கேயிடம் கொண்டுபோனேன். வளையங்களை எடுத்து ஹேண்டலை இறக்கச் சொன்னேன். இறக்கினார். இப்போது குழாய் ஹேண்டலுக்கு மேலே கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு மாதம் அப்படியே ஓட்டிப் பாருங்கள், பிடிக்காவிட்டால் திரும்ப ஏற்றிவிடலாம் என்றார். யோசனையான ஆள். கொம்போடு நான் ஞாயிற்றுக்கிழமை போய் நிற்பதா? வெட்டுங்கள் என்றேன். வெட்டினால் ஒட்ட முடியாது அங்கிள் என்று மலாயில் இரண்டு முறை சொன்னார். இரண்டு முறையும் தலையாட்டினேன்.

கார்பன் குழாயின் கருந்தூள் பறந்தது. துண்டு விழுந்து உருண்டது.

அந்த ஞாயிறு யாரும் எதுவும் சொல்லவில்லை. பாராட்டவும் இல்லை. எவரும் கவனிக்கவே இல்லை என்பதுதான் உண்மை.

நாற்பது நாளில் விரல்கள் மரத்தன. பிறகு காறை எலும்பு, பிறகு இடுப்பு. அதன் பின் தொடங்கியது தேடல். ஜோகூர் பாருவில் ஒன்று ஓட்டிப் பார்த்தேன், கை எட்டவில்லை. சிங்கப்பூரில் ஒரு கடையில் என் முழங்காலையும் முதுகையும் அளந்து கணினியில் காட்டினார்கள். அந்தச் சைக்கிளில் இடுப்பு தப்பியது, மணிக்கட்டு தப்பவில்லை. நேரான ஹேண்டல் வைத்த ஒன்றை வாங்கினேன். அதில் பத்துக் கிலோமீட்டர் சுகம், பதினொன்றாவதில் தோள். ஒவ்வொன்றிலும் ஏறி உட்காரும்போது என் உடம்பு வேறொரு உயரத்தை நினைத்துக்கொள்ளும். கை தானாக நான்கு விரல் மேலே போய் வெறுங்காற்றைத் தொடும்.

ஓராண்டு முடிந்து அண்ணன் போன் செய்தார். மருத்துவர் அனுமதித்துவிட்டார். ஆனால் மகள் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் இருந்து கூப்பிடுகிறாள், பேரக்குழந்தை வந்துவிட்டது, வீட்டை விற்றாயிற்று, அடுத்த மாதம் போனால் அங்கேயேதான். போவதற்கு முன் ஒரு முறை ஓட்ட வேண்டும். கோத்தா திங்கி சாலையில், அந்தச் சைக்கிளில், ஒரு காலை மட்டும்.

"வண்டி அப்படியேதானே இருக்கு?" என்று கேட்டார்.

"இருக்குண்ணே," என்றேன்.

எத்தனையோ வார்த்தைகளைத் திருத்தித் திருத்தி எழுதுகிறவன் நான். அந்த ஒரு வார்த்தையை மட்டும் திருத்தவில்லை.

மறுநாளே தவுக்கேயிடம் ஓடினேன். அந்தப் பழைய மாடலுக்கு ஃபோர்க் இப்போது வருவதில்லை. குழாயை நீட்டும் ஒட்டுத்துண்டு ஒன்று உண்டு, ஆனால் கார்பன் குழாயில் அதை மாட்டி இறக்கத்தில் உடைந்தால் யார் பொறுப்பு என்று மறுத்துவிட்டார். மேல்நோக்கி வளைந்த ஸ்டெம் ஒன்றைத் தேடிப் போட்டார். இரண்டு விரல் ஏறியது. இன்னும் இரண்டு விரல் குறைந்தது. அண்ணனிடம் சொல்லிவிட அதற்குப் பிறகும் பன்னிரண்டு நாள் இருந்தன. கவனிக்காமல் போகலாம், ஒரு வருட இடைவெளியில் உடம்பு மறந்திருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அந்தப் பன்னிரண்டு நாளையும் கழித்தேன்.

காரின் பின்னால் சைக்கிளை மாட்டிக்கொண்டு போனேன். அண்ணன் இளைத்திருந்தார். வாசலில் அட்டைப்பெட்டிகள். பழைய மஞ்சள் சட்டையை இஸ்திரி போட்டு அணிந்து, ஹெல்மெட்டோடு தயாராக நின்றார். ஹேண்டலைப் பிடித்தார். பிடித்த கை ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு ஏறி மிதித்தார். நான் என் நேர் ஹேண்டல் சைக்கிளில் பின்னால் போனேன்.

முதல் கிலோமீட்டரில் அவர் முதுகு நேராக இருந்தது. இரண்டாவதில் தலை தாழ்ந்தது. ஓரமாகப் போகும் வெள்ளைக் கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டினார். எதிரே என்ன வருகிறது என்று அவர் பார்க்கவில்லை, அதனால் நான் பார்த்தேன். நாசி லெமாக் விற்கும் ஒரு கொட்டகை அருகே இறங்கிக் கழுத்தை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். மூன்று கிலோமீட்டர் கூட இல்லை.

என்னுடையதில் ஏறிப் பாருங்கள் என்றேன். என்னை விடக் குள்ளமானவர், கால் எட்டவில்லை. "அலமாக், ஏணி வேணும்லா," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் தாங்கிக்கொண்டேன், எப்படியோ.

திரும்பி நடந்தோம், ஆளுக்கொரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. பெர்த்தில் குளிருமாம். பேத்திக்குத் தலை நிறைய முடியாம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. "அண்ணே, நான்..." என்று இரண்டு முறை தொடங்கினேன், இரண்டு முறையும் லோரி வந்தது, அல்லது லோரி வந்ததை நான் சாக்காக எடுத்துக்கொண்டேன்.

வீட்டு வாசலில் சைக்கிளை என் கார் மேல் அவரே சாய்த்து வைத்தார். ஹேண்டலின் நடுவில் இருந்த மூடியை, குழாய் முடிகிற இடத்தை, கட்டைவிரலால் ஒரு முறை தடவினார். இது உங்களுடையது, வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். பெர்த்துக்குக் கொண்டுபோக என்ன வழி என்று பார்க்கிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுக் கேட்டைத் திறந்து உள்ளே போனார். பூட்டுவதற்குத் திரும்பியவர், கம்பிகளுக்கு அந்தப் பக்கம் நின்று, கோபமே இல்லாமல் சொன்னார்:

"வெட்டறதுக்கு முன்னால எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்லா, தம்பி."