அம்மாவுக்கும் ஒரு டிக்கெட்

அம்மாவின் படத்தைக் கும்பிட்டுவிட்டு இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய உறவுகளுக்கும், பந்தியில் இடம் கிடைக்கும்வரை புரட்டிக்கொண்டிருக்கும் நண்பர்களுக்கும் அம்மாவின் மகள் வணக்கம் சொல்கிறேன். முதலில் ஒரே ஒரு பக்கம்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்குப் பிறகு அச்சகத்துக்கு ஓடிப்போய், மிஷினை நிறுத்தச் சொல்லி, இன்னும் இரண்டு பக்கம் கேட்டு வாங்கிவிட்டேன். பரபரப்பு இன்னும் அடங்கவில்லை. எழுத்து முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா பிறந்தது மத்தூர், வாழ்க்கைப்பட்டது நாகரசம்பட்டி. அப்பா இறந்தபோது அண்ணன் எட்டாவது, நான் நாலாவது. மாந்தோப்புகளில் காய் பறித்தும், சீசனில் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலையில் பழம் தரம் பிரித்தும் எங்கள் இருவரையும் ஆளாக்கினார். வருஷா வருஷம் டன் கணக்கில் மாம்பழத்தைத் தொட்டவர், ஒரு துண்டு வாயில் வைக்கமாட்டார். வாசனையே போதும் என்பார். தெருவில் போகிறவர்களை ஒரு வாய்த் தண்ணீராவது குடிக்கவைக்காமல் விடமாட்டார். ஆனால் அப்பா போன நாளிலிருந்து எந்த விசேஷத்திலும் முன்னால் வந்து நின்றதில்லை. என் கல்யாணத்தையே மண்டபத் தூணுக்குப் பின்னால் நின்றுதான் பார்த்தார். எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை.

அண்ணன் ஐ.டி.ஐ. முடித்து பர்கூரில் கிரானைட் அறுக்கும் மிஷினில் வேலை கற்றுக்கொண்டார். அந்த வேலையே அவரைத் தென்னாப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனது. அங்கே போய் நான்காம் வருஷம் போன் செய்து, அங்கே ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது, ஜூலு இனத்துப் பெண், பெயர் தாந்தேகா என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அது லேசில் நடக்கிற காரியமில்லை. ஓசூர் கம்பெனியில் என் லைனில் மிஷின் சத்தத்தைவிட என் சத்தம்தான் அதிகம் என்று சூப்பர்வைசர் தினமும் திட்டுவார்.

அம்மா நிதானமாகத்தான் கேட்டார். பெண் வீட்டார் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்றார். அண்ணன் தயங்கித் தயங்கிச் சொன்னார். அங்கே மாப்பிள்ளை வீடுதான் பெண் வீட்டுக்கு மாடு தரவேண்டும். பத்து மாடு, அதற்குமேல் பெண்ணைப் பெற்ற தாய்க்கென்று தனியாக ஒன்று. இந்தக் காலத்தில் மாட்டுக்குப் பதில் பணமாகத் தந்தாலும் ஒப்புக்கொள்கிறார்கள். இதைக் கேட்டதும் அம்மாவுக்கு வந்த உற்சாகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும்.

“பொண்ணப் பெத்தவங்களுக்குக் குடுக்கறதுல என்னா தப்பு? எங்கம்மாளுக்குப் பரிசம் போட்டுத்தான் கூட்டியாந்தாங்க. நடுவுலதான் நம்ம ஊரு மாறிப்போச்சி. மத்தத எப்பிடி வேணா குடு. அந்தம்மாவுக்கு மட்டும் நெசமான மாடா புடிச்சிக் குடுக்கணும்.”

அண்ணன் நிஜமாகவே ஒரு பசுவைப் பிடித்துக் கொடுத்தார். கயிற்றைக் கையில் பிடித்தபடி அண்ணியின் தாயார் நிற்கும் படம் இன்றும் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது, சாமிப் படங்களுக்குப் பக்கத்தில்.

பிறகு அண்ணனும் அண்ணியும் ஓசூருக்கே வந்துவிட்டார்கள். அண்ணியின் பெயர் அம்மாவின் வாயில் நுழையவில்லை. தங்கம்மா என்றே கூப்பிட்டார். அம்மா கடைசிவரை அப்பாவின் பெயரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் என்னைப் பார்ப்பார். அண்ணி ஊரிலும் மருமகள் மாமனார் பெயரைச் சொல்லக்கூடாதாம். இது தெரிந்த அன்று இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இப்போதைய பிள்ளைகள் சொல்லிவிடுகிறார்கள், டவுனுக்குப் போனால் எல்லாம் மாறிவிடுகிறது என்று அண்ணி சொன்னார். இங்கேயும் அதே கதைதான் என்றார் அம்மா.

போன வருஷம் அம்மாவுக்கு இதயம் பலவீனமாகி, ஓசூரில் என் வீட்டில் இருந்தார். ஒரு புதன்கிழமை காலை, ஊருக்குக் கூட்டிட்டுப் போ என்று கேட்டார். நான் ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். ஞாயித்துக்கிழமை போலாம்மா என்று சொல்லிவிட்டு ஓடினேன். வெள்ளிக்கிழமை அம்மா எழுந்திருக்கவில்லை. ஊருக்கு வண்டியில்தான் கொண்டுபோனோம், நல்லடக்கம் செய்தோம், எல்லாம் முறைப்படி நடந்தது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குள் அப்படியே நின்றுவிட்டது.

வருஷ நினைவுக்கு ஏற்பாடு பேசும்போது அண்ணி ஒரு கேள்வி கேட்டார்.

“வண்டியில ஒடம்பு போச்சி. வூட்டுக்குப் போறோம்னு அத்தைகிட்ட யாராச்சும் சொன்னீங்களா?”

யாரும் சொல்லவில்லை. அண்ணி ஊரில் ஒருவர் வெளியூரில் இறந்தால், இறந்த இடத்துக்கே ஒரு மரக்கிளையோடு போய்க் கூப்பிட்டுக்கொண்டு வருவார்களாம். கிளை கொண்டுவருகிறவர் வழியில் யாரோடும் பேசக்கூடாது, இறந்தவரோடு மட்டும் பேசவேண்டும். பஸ்ஸில் அவருக்கும் ஒரு டிக்கெட் எடுக்கவேண்டும். வீட்டில் சேர்த்துவிட்டால் அவர் குடும்பத்துக்குக் காவல். கிளை எங்கே கிடைக்கும் என்று நான் கவலைப்பட்டபோது, சிப்காட் ரோட்டோரம் நின்ற இலந்தையைக் காட்டி, எங்கள் ஊரில் கிளை ஒடிக்கிற மரத்துக்கு இது தங்கச்சி என்றார் அண்ணி.

சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை. அப்பாவின் தம்பி, எங்கள் வீட்டுப் பெரியவர். நம்மிலும் இறந்துபோன வீட்டுப் பெண்ணைச் சாமியாக அழைக்கிற பூவாடை உண்டே என்றேன். “பூவாடை சுமங்கலியாப் போனவங்களுக்கும்மா. தாலி எறக்குனவங்களுக்குச் செய்யறதில்ல” என்றார். மறுபடியும் தூணுக்குப் பின்னாலா என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

அண்ணிதான் அமைதியாகப் பேசினார். அவர்கள் ஊரிலும் முன்பு குடும்பத் தலைவனுக்குத்தான் இப்படிச் செய்வார்களாம். ஆண்கள் எல்லாம் சுரங்க வேலைக்குப் போய்விட, வீட்டையும் மாட்டையும் பெண்கள் தாங்கினார்கள். வீட்டைத் தாங்கியவளை எப்படி வெளியே விடுவது என்று பிள்ளைகள் கேட்க ஆரம்பித்தார்கள். அண்ணியின் பாட்டிக்கு அப்படிச் சண்டை போட்டுத்தான் செய்தார்களாம். சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நாங்கள் நிற்கவில்லை. அண்ணன் சமையல் ஏற்பாட்டுக்கு ஊருக்கு முன்னால் போய்விட்டார். கிளையை யார் தூக்குவது என்றபோது, பேசிக்கொண்டே வரவேண்டிய வேலை, அது இவளுக்குத்தான் லாயக்கு என்று போகும் முன்பே அண்ணன் என்னைக் காட்டிவிட்டார். அம்மா படுத்திருந்த கட்டிலருகே நின்று, “அம்மா, வாங்க, ஊருக்குப் போலாம்” என்றேன். அதோடு மற்றவர்களிடம் என் வாய் மூடியது.

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் அண்ணியைப் பார்த்துக் கன்னடத்தில் கேட்டார், தெலுங்கில் கேட்டார், இந்தியையும் முயன்றார். “கிருஷ்ணகிரி மூணு குடுங்கண்ணா” என்று அண்ணி தமிழில் சொன்னதும் அசந்துபோனார். ஜன்னல் சீட்டு அம்மாவுக்கு. அம்மா, சூளகிரி வந்துட்டோம். அம்மா, மேம்பாலம் ஏறுறோம். நான் கிளையிடம் பேசுவதைப் பார்த்து முன்சீட்டுக்காரர் இரண்டு தரம் திரும்பினார். விளக்கம் சொல்ல நாக்குத் துடித்தது. கடித்துக்கொண்டேன்.

கிருஷ்ணகிரியில் ஏறிய டவுன் பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. முதலிலேயே ஏறியதால் எங்களுக்கு ஓர் இருவர் சீட்டு கிடைத்தது. ஜன்னலோரம் அம்மா, பக்கத்தில் நான். அண்ணி நின்றுகொண்டார். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவச டிக்கெட். அண்ணி மூன்று கேட்க, இரண்டு பேர்தானே என்றார் கண்டக்டர். காய்கறிக் கூடையோடு நின்ற ஒரு அம்மா, காலிச் சீட்டில் கிளையை வைத்துக்கொண்டு வருகிறீர்களே என்று சத்தம் போட்டார். பஸ்ஸே எங்களைப் பார்த்தது.

“எங்க அத்தை உக்காந்திருக்காங்க. வூட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்” என்றார் அண்ணி.

அந்த அம்மா கிளையைப் பார்த்தார், அதில் சுற்றியிருந்த சாமந்திச் சரத்தைப் பார்த்தார். “பூவாடையா?” என்று கேட்டார். அண்ணிக்கு அந்த வழக்கமெல்லாம் முழுதாகத் தெரியாது. ஆமாம் என்று தலையாட்டிவிட்டார். உடனே அவர் கூடையைக் கீழே வைத்து, கிளையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கண்டக்டர் மூன்றாவது டிக்கெட்டைக் கிழித்து அந்தச் சீட்டில் வைத்தார். வழியெல்லாம் ஏறியவர்களை அந்தக் கூடைக்கார அம்மாவே மறித்து, அங்க ஆளிருக்குது என்று சொல்லிக்கொண்டு வந்தார். எனக்குக் கண்ணீரும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அம்மா, பாத்தியா, எத்தனை பேரு நிக்கறாங்க, நீ உக்காந்து வர்ற என்று சொன்னேன்.

நாகரசம்பட்டி நிறுத்தத்தில் சித்தப்பா நின்றிருந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். நான் இறங்கியதும் தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். கிளையின் முன் குனிந்து, “வாங்க அண்ணி. எல்லாருக்கும் முன்னால நீங்க நடங்க” என்றார். அம்மா முன்னால் போக, ஊர் பின்னால் வந்தது.

அம்மாவுக்கு வைத்தியம் பார்த்தவர்களுக்கும், வண்டி பிடித்தவர்களுக்கும், அடக்கத்தன்று தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. சித்தப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிடுகிறேன். தங்கம்மா அண்ணிக்கு நன்றி சொன்னால் அடிப்பார், ஆகவே சொல்லவில்லை. பெயர் தெரியாத கண்டக்டரும் கூடைக்கார அம்மாவும் இந்த மலரை எங்காவது பார்த்தால், அந்த டிக்கெட்டை அம்மாவின் படத்தில் செருகி வைத்திருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளட்டும்.

கிளையை எங்கள் வீட்டில் அம்மாவின் இடத்தில் சாய்த்து வைத்ததும், இனிமேல் எல்லாரோடும் பேசலாம் என்றார் அண்ணி. பேசுவதற்கு அத்தனை இருந்தும் எனக்கு அம்மாவிடமே ஒன்று பாக்கி இருந்தது.

“அம்மா, ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போறேன்னு சொன்னனில்ல? இன்னிக்கு ஞாயித்துக்கிழமைதான்.”