எங்கள் வீட்டுப் படிவம்

அந்த ஆய்வில் எனக்குக் கிடைத்தது நாற்பது நாள் வேலை. வீடு வீடாகப் போய் யார் என்ன வேலை செய்கிறார்கள், பத்து வருடம் கழித்து என்ன செய்வார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். பெரம்பலூர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு ஏழு வருடமாகச் சும்மா இருந்த என்னைத்தான் ஊரார் வேலையை விசாரிக்க அனுப்பினார்கள்.

ரெட்டிபாளையத்தில் முதல் வீட்டிலேயே கடுப்பாகிவிட்டது. வாசல் ஆணியில் சிமெண்ட் தூசி அப்பிய காக்கிச் சட்டை தொங்குகிறது. அந்த வீட்டுப் பெண்ணோ, "அவருக்கு வேலை இல்லைங்க, வூட்லதான் இருக்காரு" என்கிறாள்.

"அப்ப இந்தச் சட்டை யாருதுங்க?"

"அவரு தம்பிது."

"தம்பிக்கு என்ன வேலை?"

"அவருக்கும் இல்லைங்க."

ரேஷன் கார்டைப் பிடுங்க வந்தவள் என்றது ஒரு தெரு. நிலத்தை எடுக்க ஆலைக்காரன் அனுப்பிய ஆள் என்றது இன்னொரு தெரு. "இது வெறும் ஆராய்ச்சிங்க, உங்க பேரு எங்கயும் போகாது" என்று வாய் வலிக்கச் சொன்னேன். ஒருத்தரும் நம்பவில்லை. இப்படியும் மனிதர்களா என்று பஸ்ஸில் திரும்பும்போதெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன்.

கடைசி வாரம் எங்கள் ஊர் மீன்சுருட்டி. பட்டியலில் எங்கள் வீடும் இருந்தது. அம்மா முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டே பதில் சொன்னாள். என் முறை வந்ததும் நிமிர்ந்தாள்.

"உனக்கு என்னன்னு எழுதப் போற?"

"வேலை செய்றேன்னுதான்."

"இந்தத் தாளு பெரம்பலூர் ஆபீசுக்குப் போனா? இவளுக்குத்தான் வேலை இருக்கேன்னு பேரை அடிச்சிட்டா?"

"அதெல்லாம் போகாதும்மா."

"போகாதுன்னு உனக்கு யாருடி சொன்னா?"

எங்கள் ஆய்வு மேற்பார்வையாளர் சொன்னார். அவருக்கு யார் சொன்னார்களோ. படிவத்தை மறுபடி பார்த்தேன். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு எண் என்று ஒரு கட்டம். ஆராய்ச்சிக்கு எதற்குப் பதிவு எண்? இத்தனை நாளாக எல்லோரிடமும் கேட்டு நிரப்பிய கட்டம் அன்றைக்குத்தான் உறுத்தியது. பயந்துபோனேன். என்றைக்காவது ஒரு அரசாங்க வேலைக்கு இன்டர்வியூ கார்டு வரும் என்று நான் நம்பியிருந்ததெல்லாம் அந்த எண்ணைத்தான்.

'வேலையில்லை' என்று எழுதினேன். எண்ணுக்கான கட்டத்தைக் காலியாக விட்டேன். அடியில் 'கணக்கெடுத்தவர்' என்ற இடத்தில் என் கையெழுத்தைப் போட்டேன்.

மறுநாள் ஜெயங்கொண்டம் டீக்கடையில் மேற்பார்வையாளர் படிவங்களைப் புரட்டினார். எங்கள் வீட்டுத் தாளில் கை நின்றது. மேலே என் பெயரைப் பார்த்தார், கீழே கையெழுத்தைப் பார்த்தார்.

"சார், அது வந்து..."

"இருக்கட்டும்மா," என்று தாளைக் கட்டோடு சேர்த்தார். "இன்னும் நாலு நாள்ல அது உண்மையாயிடும். எங்க வூட்டுக்குக் கணக்கெடுக்க வந்தாலும் எனக்கு அதையேதான் எழுதணும்."