பிடுங்கின கொல்லைக்குப் பதினோரு நாள் தண்ணீர்

எங்கள் டிரஸ்டின் ஆண்டு மலருக்கு அன்புச்செல்வியைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார் கோதண்டபாணி சார். திண்டிவனம் ஆபீசில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் ஒருங்கிணைப்பாளர் அவர். “நல்ல விஷயமா எழுதும்மா கலைப்பிரியா, டோனருங்க படிப்பாங்க” என்றார். எழுதிக் கொடுத்தேன். பாதியை அடித்துவிட்டு, மீதியில் ‘சமூக நல்லிணக்கம்’ என்று இரண்டு இடத்தில் செருகி அச்சுக்கு அனுப்பிவிட்டார். வயிறு எரிகிறது. அவர் அடித்த பாதியில்தான் அன்புச்செல்வி இருந்தாள். அதனால் முழுவதையும் இங்கே எழுதுகிறேன். யாருக்குச் சுட்டாலும் சுடட்டும், முதலில் சுடப்போவது எனக்குத்தான்.

எங்கள் ஊர் ஒலக்கூர் ஒன்றியத்தில் இருக்கிறது. ஏரிக்கு இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் காலனி. நான் ஊருக்கு மருமகளாக வந்தவள். அன்புச்செல்வி காலனியிலேயே பிறந்தவள். இருவரும் டிரஸ்டின் கிராமப்புற இளையோர் வளர்ச்சித் திட்டத்தில் தன்னார்வலர்கள். தன்னார்வலர் என்றால் என்ன என்று கேட்டால், டீ சர்ட் கொடுப்பார்கள், சம்பளம் கொடுக்க மாட்டார்கள், அவ்வளவுதான். அவள் ஒன்பது வருடமாக இருக்கிறாள், நான் நான்கு வருடம். ஆனாலும் ஊர்ப் பொறுப்பாளர் நான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

திட்டத்துக்கு வருடம் முழுக்க வேலை உண்டு. மே மாதம் நீச்சல் முகாம், அது போன வருடம்தான் தொடங்கியது. ஆவணியில் ஏரிக்கரையில் பனை விதை ஊன்றுவோம். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் ஏரிக்கரையில் உடைப்பு வருகிறதா என்று முறை போட்டுப் பார்ப்போம். தையில் விளையாட்டுப் போட்டி. விதை ஊன்றப் புதுச்சேரியிலிருந்து காலேஜ் பிள்ளைகள் பஸ் பிடித்து வருவார்கள், நாலு குழி தோண்டி நாற்பது போட்டோ எடுப்பார்கள், வெயில் ஏறியதும் போய்விடுவார்கள். மிச்ச மூட்டையை அன்புச்செல்வி இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு தனியாக ஊன்றி முடிப்பாள். இன்றைக்கு எங்கள் கரையில் முட்டியளவு நிற்கிற பனை வடலிகளில் முக்கால்வாசி அவள் கை பட்டவை. அந்தக் கரையில் டிரஸ்டின் போர்டுதான் நிற்கிறது.

அவள் அப்பா மாசிலாமணி கிணறு வெட்டுகிறவர். சுற்றுவட்டாரத்தில் அவர் இறங்காத கிணறு குறைவு. சின்ன வயதிலேயே மகளை வேலைக்குக் கூட்டிப்போய், கல்குவாரித் தண்ணீரில் தூக்கிப் போட்டு நீச்சல் பழக்கினார். பிளஸ் டூ முடித்ததும் அவள் செருப்புக் கம்பெனி வேனில் ஏறினாள். பன்னிரண்டு வருடம் அங்கே பசை தடவினாள். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் அந்த வேலையை விட்டாள்.

அவள் அக்கா மகள் ஜெனிட்டாதான் காரணம். பதினொரு வயது. கார்த்திகை மாதம் பள்ளிக்கூடம் விட்டு வருகையில் சேற்றுக் காலைக் கழுவ ஏரியில் இறங்கினாள். ஏரியில் லாரி வைத்து மண் அள்ளின பள்ளம் இருக்கிறது. கரையிலிருந்து பார்த்தால் முழங்கால் தண்ணீர் என்று தோன்றும், இரண்டடி எடுத்து வைத்தால் இரண்டு ஆள் ஆழம். அள்ளினவன் நன்றாக இருக்கிறான், காரை மாற்றிவிட்டான். பிள்ளையை அன்புச்செல்விதான் முங்கி எடுத்து வந்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு ஒரே வெறி. அடுத்த மழைக்குள் காலனியில் ஒரு பெண் பிள்ளைகூட நீந்தத் தெரியாமல் இருக்கக் கூடாது.

அவள் கேட்டது கிணறுதான். வேறு ஒன்றும் கேட்கவில்லை. காலனியில் கிணறு இல்லை. குவாரியில் போலீஸ் வேலி போட்டுவிட்டது. படி வைத்த பெரிய கிணறு எங்கள் பக்கத்தில் ஒன்றுதான், அதுவும் என் மாமனார் முருகையனுடையது. இருபது வருடத்துக்கு முன்னால் அதை ஆழப்படுத்தியவர் மாசிலாமணி. பாறை வரைக்கும் இறங்கி ஊற்றுக் கண்ணைத் திறந்துவிட்டு மேலே ஏறியவர், அதில் ஒரு நாள் குளித்திருப்பாரா? நான் கேட்டதில்லை. பதில் தெரிந்த கேள்வியை எதற்குக் கேட்பது?

போன ஏப்ரலில் மாமனாரிடம் போய் நின்றேன். “ஊர்ப் புள்ளைங்க காலைல கத்துக்கட்டும், நல்லதுதான்” என்றார். காலனிப் பிள்ளைகளைச் சொன்னதும் கொஞ்ச நேரம் துண்டை உதறிக்கொண்டிருந்தார். “சாயங்காலம் நாலுலேர்ந்து அஞ்சு. அஞ்சு மணிக்கு த்ரீ பேஸ் வந்துடும். மோட்டாரைப் போட்டு எறைச்சி வுட்டுடறேன். காலைல நம்ம புள்ளைங்களுக்குப் புதுத் தண்ணி ஊறிடும்.”

எங்கள் லைனில் மோட்டார் ஓடுகிற மின்சாரம் சாயங்காலம் ஐந்துக்கு மேல்தான் வரும். அதற்குத் தக்கபடி கணக்காக யோசித்திருக்கிறார் மனுஷன். எனக்கு அது காதில் விழுந்தது, புரிந்தது, சீ என்று இருந்தது. இருந்தும் சரி என்று தலையாட்டினேன். கிணறு கிடைத்ததே பெரிய சாமர்த்தியம் என்று நினைத்தேன். அட்டவணை எழுதினேன். அன்புச்செல்வியிடம் கொடுத்து, “சாயங்காலம் தண்ணி வெதுவெதுன்னு இருக்கும் அன்பு, புள்ளைங்களுக்குச் சளி புடிக்காது” என்று வாய் கூசாமல் சொன்னேன். அவள் எனக்கு மூன்று வயது மூத்தவள். நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன், நீ என்பேன். அவள் என்னை நீங்க என்பாள். “சரிங்க கலை, நீங்க சொன்னா சரிதான்” என்றாள்.

கோதண்டபாணி சாரிடமும் போனில் சொன்னேன். “அதெல்லாம் லோக்கல் மேட்டர்மா, அனுசரிச்சிப் போ. கிளாஸ் நடந்தா போதும்” என்றார். எனக்கும் அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது.

முகாம் பதினைந்து நாள். காலையில் ஊர்ப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேர், சாயங்காலம் காலனிப் பெண் பிள்ளைகள் பதினான்கு பேர். இரண்டுக்கும் அன்புச்செல்விதான். ஊர் அம்மாக்கள் பெண் டீச்சர்தான் வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். காலையில் அவள் கிணற்றில் இறங்கி எங்கள் பிள்ளைகளின் முதுகில் காலி எண்ணெய் கேனைக் கட்டி, தாடையைத் தாங்கி, காலை உதைக்கச் சொல்லிக் கொடுத்தாள். அப்போது அந்தத் தண்ணீருக்கு ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம் அவள் கூட்டிவந்த பிள்ளைகள் இறங்கினால் மட்டும் தண்ணீர் கெட்டுவிடும். டீச்சர் வேண்டும் என்றால் தீட்டு இல்லை, வேண்டாத இடத்தில் தீட்டு. த்தூ, இதுவும் ஒரு சாஸ்திரம். போகட்டும், முழுத் தண்ணீரும் மாறியதா என்றால் அதுவும் இல்லை. மோட்டார் ஓடினால் நாலு படி இறங்கும், ராத்திரியில் மூன்று படி ஊறும். அடியில் கிடக்கிற தண்ணீர் அதே தண்ணீர்தான். மோட்டார் சத்தம் கேட்டால் போதும், ஊருக்கு மனசு ஆறிவிடும்.

அப்படி நாளுக்கு ஒரு படியாகத் தண்ணீர் குறைந்தது. ஒன்பதாம் நாள் சாயங்காலம் மாமனார் படியில் நின்று எட்டிப் பார்த்தார். காலனிப் பிள்ளைகள் அப்போதுதான் கிளாஸ் முடிந்து துணி மாற்றிக்கொண்டு வந்தார்கள்.

“கலை, தண்ணி பத்தலம்மா. நாளைலேர்ந்து சாயங்கால கிளாஸ் வேணாம். காலைல புள்ளைங்களுக்காவது தண்ணி நிக்கட்டும்.”

நான் அன்புச்செல்வியைப் பார்த்தேன். வறண்டுபோச்சு, கடவுள் விட்ட வழி என்று ஏதாவது சொல்லி அவளைச் சமாதானப்படுத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

“தண்ணி பத்தலயா பெரியவரே? மல்லாட்டை புடுங்கி மாசம் ஒண்ணு ஆவுது. வெறும் கொல்லைக்கு ஒம்போது நாளா இன்னாத்துக்குத் தண்ணி பாய்ச்சிக்கினு இருக்கீங்க?”

மாமனார் மோட்டார் கொட்டகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவளுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. விவசாய ஊரில் பிறந்தவளுக்கு, நிலக்கடலை பிடுங்கிப் பயிர் இல்லாத கொல்லையில் வாய்க்கால் ஓடினால் எதற்கு என்று தெரியாதா? வெதுவெதுப்பு, சளி என்று நான் அளந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டு, ஒன்பது நாளும் காலையில் வந்து என் மகள் தமிழினியின் தாடையைத் தாங்கியிருக்கிறாள். நான்தான் அவளை ஒன்றும் தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

“எம் புள்ளைங்கள்ல எட்டு பேரு கேன் இல்லாம நீந்துது. இன்னும் ஆறு பேரு பாக்கி. எனக்கு ரெண்டு நாள் வேணும். அது இல்லன்னா நாளைக்குக் காலைல நானும் வரல. ஊர்ல நீச்சல் தெரிஞ்ச பொம்பள வேற யாராவது இருந்தா இட்டுக்கினு வாங்க.”

குரலை உயர்த்தவில்லை. கெஞ்சவும் இல்லை. வேறு பெண் யாரும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அன்று இரவே நாலு அம்மாக்கள் மாமனாரிடம் வந்து, “இன்னா மாமா இது, பாதில வுட்டா எங்க புள்ளைங்க கதி?” என்று மொய்த்தார்கள். காலனிப் பிள்ளைகளின் கதியைப் பற்றி ஒருத்தியும் பேசவில்லை, நானும் பேசவில்லை. “பேஜாராப் போச்சி, ரெண்டு நாள் தொலையட்டும்” என்றார் அவர்.

அந்த இரண்டு நாளும் அன்புச்செல்வி காட்டுத்தனமாக வேலை வாங்கினாள். அழுத பிள்ளையை அழவிட்டே நீந்த வைத்தாள். “ஏரி உன்னைக் கேட்டுக்கினு இழுக்காதுடி, ஒதைடி” என்று கத்தினாள். பதினோராம் நாள் நாலே முக்காலுக்குப் பதினான்காவது பெண் கேன் இல்லாமல் கிணற்றின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் போய்த் தொட்டுத் திரும்பினாள். அன்புச்செல்வி எல்லோரையும் மேலே ஏற்றினாள், தலை எண்ணினாள், ஈரத் துணியோடு வீட்டுக்கு அனுப்பினாள். அவள் மட்டும் நின்றாள்.

ஐந்து மணிக்கு மோட்டார் கொட்டகையில் சிவப்பு லைட் எரிந்தது. மாமனார் எழுந்தார்.

“நீங்க குந்துங்க பெரியவரே, நானே போடறேன்” என்று சொல்லி அவளே உள்ளே போய்ப் பச்சைப் பட்டனை அழுத்தினாள். தண்ணீர் வெறும் கொல்லையில் பாய்ந்தது. அது வரப்பு வரைக்கும் போகிறவரை பார்த்துக்கொண்டு நின்றாள். மாமனார் தலை குனிந்துகொண்டார். வெட்கமா, கோபமா தெரியவில்லை. வெட்கமாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

கொட்டகை வாசலில் அவளை மறித்தேன். “அன்பு, இன்னும் நாலு நாள் இருக்கே. காலைல வருவ இல்ல?”

“எம் புள்ளைங்க கத்துக்கிச்சுங்க கலை. என் வேலை முடிஞ்சிப் போச்சி.”

“ஊர்ப் புள்ளைங்கள்ல இன்னும் ஒம்போது பேருக்கு வரல. தமிழினிக்கு வரல.”

“தெரியும்ங்க. நல்ல புள்ள, பயம்தான் ஜாஸ்தி.” கொஞ்சம் நின்றாள். “அடுத்த மே மாசம் சின்னதுங்க எட்டு பேரு எங்க தெருவுல ரெடியா இருக்குது. காலைல ஏழு மணிக்கு இட்டுக்கினு வர்றேன். அப்ப கரண்ட் இருக்காது. எங்க புள்ளைங்க முதல்ல எறங்கும், அதே தண்ணில உங்க புள்ளைங்க பின்னாடி எறங்கட்டும். அதுக்கு ஒத்துக்கினா போன் பண்ணுங்க. தமிழினிக்கு நானே சொல்லித் தர்றேன்.”

அவ்வளவுதான் அவள் கேட்டது. ஒரு மணி நேரத்தை முன்னே பின்னே மாற்றி வைக்கச் சொன்னாள்.

ஆண்டு மலர் வந்துவிட்டது. ஊர்ப் பிள்ளைகளோடு காலையில் எடுத்த போட்டோவில் அவள் கழுத்தளவு தண்ணீரில் சிரிக்கிறாள். கீழே ‘ஒரே கிணற்றில் ஊரும் காலனியும்’ என்று போட்டிருக்கிறார் கோதண்டபாணி சார். அந்த ஆளின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. உலுக்கவில்லை. அடுத்த முகாமுக்கான படிவத்தை வாங்கிக்கொண்டு வந்தேன்.

இப்போது ஏப்ரல் பாதி போய்விட்டது. போன மழையில் ஏரி நிரம்பி இன்னும் பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது. மாமனாரிடம் பேச மூன்று தடவை போனேன், மூன்று தடவையும் காப்பி கொடுத்துவிட்டுத் திரும்பினேன். அன்புச்செல்விக்கு இன்னும் போன் பண்ணவில்லை. அவர் முடியாது என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம் இல்லை. அவர் அப்படிச் சொன்னால் அதற்குப் பிறகு நான் இந்த வீட்டில் என்ன செய்ய வேண்டியிருக்கும் என்ற பயம். இந்தக் கோபத்தையெல்லாம் பேப்பரில் கொட்டத் தெரிகிற எனக்கு, வீட்டுக்குள் ஒரு வார்த்தை வரவில்லை.

நேற்றுச் சாயங்காலம் தமிழினி பள்ளிக்கூடம் விட்டு ஏரிக்கரை வழியாக வந்தாள். பாவாடை முழங்கால் வரை நனைந்திருந்தது. கால் கழுவ இறங்கினாளாம். இழுத்து வைத்து முதுகில் இரண்டு வைத்தேன். அழுதுகொண்டே, “அன்பு டீச்சர் இந்த வாட்டி வருவாங்களாம்மா, போன் பண்ணியா?” என்று கேட்டாள்.

“அவங்க நம்பர் மாறிடுச்சிடி” என்றேன்.