சாய்த்தால் சொல்லிவிடும் வண்டி

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் லைசென்ஸ் மைதானத்தில் கால் தரையில் படாமல் எட்டு போட்டுக் காட்டியவள். எனக்கு முன்னால் போட்ட இரண்டு ஆம்பிளைகளும் காலை ஊன்றிவிட்டார்கள். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்கு மனசு வராது.

மயிலாப்பூர் வீடுகளில் கேரியர்களை வாங்கி, சாந்தோம் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு சேர்ப்பதுதான் என் வேலையாக இருந்தது. வீட்டுக்காரர் போன பிறகு அவர் விட்டுப்போன கியர் ஸ்கூட்டரில் அதைச் செய்தேன். மழை பெய்தால் அது கிளம்பாது. ஒரு பக்கமாக நன்றாகச் சாய்த்து, பத்து எண்ணி, நிமிர்த்தி உதைத்தால் உறுமிக்கொண்டு எழும். பெட்ரோல் இறங்கட்டும் என்று சாய்ப்பது. அந்தக் காலத்தில் ஸ்கூட்டர் வைத்திருந்தவர்கள் எல்லோரும் அப்படிச் சாய்த்தவர்கள்தான்.

பிறகு அதே கம்பெனி கியர் இல்லாத வண்டி போட்டது. நானும் ஒன்று வாங்கினேன். புடவையோடு உட்காரலாம். கால் வைக்கும் இடத்தில் நான்கு கேரியர் நிற்கும். என்னைப் பார்த்துத்தான் செய்தார்களோ என்று கொஞ்ச நாள் கர்வமாகத் திரிந்தேன். அதிலும் கிளம்பாத நாளில் சாய்த்தேன். கை பழகிவிட்டது.

பள்ளிக்கூடத்துச் சாப்பாடு நின்று பல வருஷம் ஆகிறது. ஒரே ஒரு கேரியர் மட்டும் நிற்கவில்லை. கோபாலபுரத்தில் என் அக்கா படுத்த படுக்கையாக இருக்கிறாள். மத்தியானம் என் கையால் ஊட்டினால்தான் வாயைத் திறப்பாள்.

போன வருஷம் என் வண்டி நின்றுவிட்டது. மயிலாப்பூரில் அதைப் பார்க்கிற மெக்கானிக் பாய் கையை விரித்தார்.

"பார்ட்ஸு வர்றதில்லமா. கம்பெனியே கரெண்ட் வண்டிக்குப் பூட்டான். மாறலன்னா கடைய மூட வேண்டியதுதான் அவனுக்கும். நானே ஸ்பேனர வச்சிட்டு லாப்டாப் கத்துக்கினு கீறேன்."

"இந்த வயசுலயா பாய்?"

"உன்னவிட சின்னவன்தாம்மா நானு."

கொட்டிவாக்கத்தில் இருக்கும் என் மகன் தி.நகர் ஷோரூமுக்குக் கூட்டிப் போனான். அந்த இடத்தில் முன்பெல்லாம் ஆயில் வாசனை அடிக்கும். இப்போது ஆஸ்பத்திரி மாதிரி குளிருகிறது. காபி கொடுத்தார்கள். பழைய வண்டியை எடுத்துக்கொண்டு புதிதைக் கொடுத்தார்கள். அதில் உதைக்கிற கட்டையே இல்லை. போன் நம்பர் கேட்டபோது மகன் தன்னுடையதைக் கொடுத்தான். "ஓ.டி.பி.யெல்லாம் உனக்குப் பார்க்கத் தெரியாதுல்ல" என்றான். நான் தலையாட்டினேன். என் வாழ்நாளில் யோசிக்காமல் தலையாட்டியது அந்த ஒரு தடவைதான்.

வண்டி எங்கே போகிறது என்று காட்டும் மேப் அவன் போனில் இருந்தது; அதில் என்னைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருந்தான். சாந்தோம், மயிலாப்பூர், அவ்வளவுதான். அதைத் தாண்டினால் வண்டியே அவனுக்குச் சொல்லிவிடும். முதல் நாள் தாண்டியதும் என் பைக்குள் போன் அடித்தது.

"இன்னாமா, எங்க போய்க்கினு கீற?"

"பெரியம்மாவுக்குச் சோறு."

"அந்த ரோட்ல பஸ்ஸு எப்பிடி வருதுன்னு தெரியும்ல? திரும்பு. நான் ஆர்டர் போட்டு வுடறேன்."

அவன் அனுப்பிய டப்பாவை அக்கா திறக்கக்கூட விடவில்லை. மறுநாளிலிருந்து போன் அடிக்க அடிக்க நான் ஓட்டினேன். போனை எடுக்கவும் இல்லை, வண்டியை நிறுத்தவும் இல்லை. ஆனால் அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் முதுகில் யாரோ புடவையைப் பிடித்து இழுப்பது போல இருக்கும்.

ஒரு நாள் அக்காவுக்கு ஊட்டிவிட்டு வெளியே வந்தேன். வண்டி கிளம்பவில்லை. பட்டனை அழுத்திப் பார்த்தேன், ஒன்றுமில்லை. கை தானாகவே வண்டியைச் சாய்த்தது. நாலு எண்ணியிருப்பேன். வண்டி ஓவென்று அலற ஆரம்பித்தது. தெருவே எட்டிப் பார்த்தது.

அரை மணி நேரத்தில் ஆட்டோ வந்து நின்றது. மகன் இறங்கினான். சட்டை முழுக்க வேர்வை.

"எங்க அடி? தலையிலயா?"

"எனக்கு இன்னாடா? நல்லாத்தான கீறேன்."

"வண்டி வுழுந்துடுச்சுன்னு போன்ல வந்துச்சேம்மா!"

"வுழல. சாய்ச்சேன்."

"எதுக்கு?"

"பெட்ரோல் எறங்கட்டும்னு."

அவன் என்னையே பார்த்தான். "அதுல பெட்ரோலே கெடையாதும்மா."

உள்ளே கட்டிலிலிருந்து அக்கா சிரித்தாள். "டேய், ஒங்கம்மாவத் தள்ளிவுட இன்னொரு வண்டி பொறந்து வரணும்டா!"

எனக்கும் சிரிப்பு வந்தது. அவனுக்கு வரவில்லை. என் தலையைத் திருப்பித் திருப்பிக் காயம் தேடினான். அதைப் பார்த்ததும் போட நினைத்திருந்த சண்டையை விட்டுவிட்டேன். சைடு ஸ்டாண்டை எடுக்காமல் இருந்ததால்தான் வண்டி கிளம்பவில்லை என்று பாய் பிறகு சொன்னார்.

அங்கேயே நின்று மகன் வட்டத்தைப் பெரிதாக்கினான். அக்கா வீட்டு கேட் வரைக்கும்.

"பெசன்ட் நகர் மாதா கோயிலுக்கு?" என்று கேட்டேன்.

"அதுக்கு நான் கூட்டிக்கினு போறேன்."

அடுத்த வாரம் தி.நகர் ஷோரூமுக்கு பஸ்ஸில் போனேன். அவன் நம்பரை எடுத்துவிட்டு என் நம்பரைப் போடச் சொன்னேன். அங்கிருந்த பெண் தன்மையாகத்தான் பேசினாள். "போடலாம் பாட்டி. ஆனா உங்க பையன் போனுக்கு ஒரு நம்பர் வரும். அதை அவர் சொன்னாத்தான் மாத்த முடியும்."

அவனிடம் நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

தினமும் மத்தியானம் அக்கா வீடு வரை போகிறேன். போன் அடிப்பதில்லை. ஊட்டி முடித்து வெளியே வந்து, ஏறுவதற்கு முன் வண்டியை ஒரு பக்கமாக மெல்லச் சாய்ப்பேன். எவ்வளவு சாய்த்தால் அவனிடம் சொல்லும் என்று இப்போது எனக்குத் தெரியும். அதற்கு ஒரு விரற்கடை முன்னால் நிறுத்தி, பத்து எண்ணி, நிமிர்த்துவேன்.