என் நகம் கிழித்த முகம்

கைக்குழந்தையோடு மும்பையிலிருந்து திருவண்ணாமலையில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் புறப்பட்டிருந்தேன். சென்னை விமானம் பாதி வழியில் இருந்தபோது, இறக்கைப் பக்கம் குண்டு வெடித்ததுபோல் சத்தம். விமானம் உதறியது. ஒரு இன்ஜின் நின்றுவிட்டது, பெங்களூரில் இறங்குகிறோம் என்று விமானி அறிவித்தார்.

உடனே நான் என் பெல்ட்டோடு கோத்திருந்த குழந்தையின் சின்ன பெல்ட்டை அவிழ்த்து, அவளை மார்போடு இறுக்கிக்கொண்டேன்.

"பெல்ட்ட போடும்மா! உன் கை தாங்காது, கொழந்த பறந்துடும்!" என்று பக்கத்து இருக்கைக்காரர் கத்தினார்.

"தொடாதய்யா!"

அவர் என்னைத் தோளால் அழுத்தியபடி பெல்ட்டை மாட்டினார். அவர் முகத்தை நகத்தால் கிழித்தேன், கையைக் கடித்தேன். மாட்டி முடிக்கும்வரை அவர் விடவில்லை.

தரையில் மோதிய விமானம் எகிறி மறுபடி விழுந்தது. என் கைகள் பிடி விட்டு முன்சீட்டில் அடித்துக்கொண்டன. குழந்தையைப் பெல்ட்தான் பிடித்திருந்தது.

அவர் கன்னத்தில் ரத்தம் வழிந்தது.

"வீட்ல கேட்டா பூனைன்னு சொல்லிக்கிறேன். நீங்க கொழந்தைக்குப் பால் குடுங்க" என்றார்.

மூன்றாம் நாள் திருவண்ணாமலைக் கோயிலில் மகளுக்கு மொட்டை. கத்தியைப் பார்த்ததும் என் மடியிலேயே வைத்துக்கொள்ளத் தோன்றியது. ஆனாலும் அண்ணன் மடியில் கொடுத்துவிட்டேன். பிடி சரியா இருக்கா என்று மட்டும் அவனைக் கேட்டுக்கொண்டே நின்றேன்.