பீரை ஊதிக் குடித்தவர்

குவைத்தில் பல வருடம் வேலை பார்த்தவர் என்பதைத் தவிர அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நாங்கள் பிழைக்க வந்த வெளிநாட்டு நகரத்தில், பக்குரங்கா என்ற பகுதியில் ஒரு பிறந்தநாள் மதிய விருந்தில் பார்த்தேன். இஸ்திரி கலையாத சட்டை, சாயம் பூசிய மீசை. மற்றவர்கள் கிளாஸில் பீர் குடிக்க, அவர் மட்டும் டீக் கோப்பையில் ஊற்றி, சூடு ஆற்றுவதுபோல ஊதி ஊதிக் குடித்தார்.

"இங்க குடிச்சா தப்பில்ல சார்" என்றேன், சட்டத்தை நானே எழுதியவன் மாதிரி.

"தெரியும் சார். அங்க மதுவிலக்கு. ரூம்ல திருட்டுத்தனமா காய்ச்சி, யாராவது எட்டிப் பார்த்தா டீன்னு நினைக்கட்டும்னு இப்படித்தான் குடிப்போம். ஒருநாள் ரூம்மேட்டைப் பிடிச்சு, கட்டின லுங்கியோட ஊருக்கு அனுப்பிட்டாங்க."

திரும்பும்போது அவரையும் என் காரில் ஏற்றிக்கொண்டேன். என் வீடு இருக்கும் மவுண்ட் ஆல்பர்ட்டுக்குச் சற்று முன்னால் போலீஸ் கைகாட்டி நிறுத்தியது. அவர் சட்டைப்பையிலிருந்து இரண்டு ஏலக்காயை எடுத்து என் கையில் திணித்தார்.

"மெல்லுங்க சார். எனக்கு இன்னும் நிரந்தர விசா வரல."

"அட, ஓட்டுறவனைத்தான் பிடிப்பாங்க. நீங்க ஏன் பயப்படுறீங்க?"

சொல்லி முடித்த பிறகுதான், ஓட்டுகிறவன் நான் என்பதும், உள்ளே இரண்டு கிளாஸ் இருப்பதும் எனக்கு உறைத்தது. வேலைக்குப் போவதே காரில்தான், லைசென்ஸ் போனால் வேலையும் போகும். ஏலக்காயை அவசரமாக மென்றுகொண்டே, குடித்திருக்கிறேனா என்று பார்க்க நீட்டிய கருவியில் ஊதினேன். அதிகாரி அதை ஒரு யுகம் உற்றுப் பார்த்துவிட்டு, "போகலாம்" என்றார்.

வீட்டுக்கு அழைத்துப்போய் அவருக்கு நிஜமான டீ கொடுத்தேன். ஆவி பறந்தது. ஜன்னல் வழியே தெருவையே பார்த்தபடி, ஒருமுறைகூட ஊதாமல் அதைக் குடித்து முடித்தார்.